சாய்த்துப் பார்த்த வண்டி

வண்டியோடு ஒரு பெண் கீழே விழுந்தால் ஜனங்கள் முதலில் வண்டியைத்தான் பார்ப்பார்கள். நான் விழுந்த அன்றும் அப்படித்தான். எண்ணூர் விரைவுச் சாலை ஓரம் வரிசையில் நின்றிருந்த ஒரு டிரெய்லரிலிருந்து டிரைவர் குதித்து ஓடிவந்தார். என்னைத் தாண்டிப் போய் பைக்கைத் தூக்கி நிறுத்தினார். கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார், பெட்ரோல் டேங்கைத் தடவிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் "அடி கிடி பட்டுச்சாம்மா?" என்று கேட்டார். முழங்கையில் தோல் உரிந்து மணல் ஒட்டியிருந்தது. "ஒண்ணும் இல்லண்ணா" என்றேன். அந்த நேரத்தில் யாரும் என்னைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

நான் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறேன். சரக்கு இறக்கிய காலிப் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கி வைக்கிற இடம். பெட்டி உள்ளே வரும்போது சர்வேயர் ஒருவர் அதைச் சுற்றிவந்து பார்ப்பார். எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துரு, தரைப்பலகை எங்கே பெயர்ந்திருக்கிறது என்று போனில் அனுப்புவார். அவர் அனுப்புவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. வருஷக்கணக்காக ஏற்றி ஏற்றி, எந்த நசுங்கல் எதனால் வந்திருக்கும் என்று வார்த்தையைப் படித்தே சொல்லிவிடுவேன். சாப்பாட்டு இடைவேளையில் சர்வேயரோடு போய்ப் பெட்டிக்குள் நுழைந்தும் பழகினேன். உள்ளே நின்றுகொண்டு வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொல்ல வேண்டும். கும்மிருட்டில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை, மழைத் தண்ணீர் இறங்கும். முதல்நாள் அந்த இருட்டில் நின்றபோதே இந்த வேலைதான் எனக்கு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

சர்வேயர் ஓய்வு பெறப்போகிறார் என்றதும் நானே போய் மேனேஜரிடம் கேட்டேன். அவர் தூத்துக்குடிக்காரர், நல்ல மனுஷன். கொஞ்சம் யோசித்தார். "திருவொற்றியூர், எண்ணூர், மணலின்னு மூணு யார்டுக்கும் அலையணும்மா. நடுவுல பஸ் கிடையாது. சொந்த வண்டி இருந்தா பாக்கலாம்" என்றார். இருக்கும் சார் என்றேன். அப்போது என்னிடம் சைக்கிள்கூடக் கிடையாது. மூன்று மாதத்துக்குள் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கி, ஒரு பழைய பைக்கும் வாங்கினேன். பெண் என்றால் ஸ்கூட்டிதானே என்று ஊரே கேட்டது. டிரெய்லர்கள் உழுது போட்ட அந்தச் சாலையில் ஸ்கூட்டியின் குட்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஏறாது. அதனால் பைக். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் வாங்குகிற, எடை குறைந்த சின்ன பைக். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டியோடு வந்து பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஒருமுறை வழியைப் பழகிக்கொள்ளலாமே என்று சனிக்கிழமை மதியம் எண்ணூர் வரைக்கும் போய்த் திரும்பினேன். திரும்பும்போதுதான் விழுந்தேன்.

எப்படி விழுந்தேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரியும். சாம்பலும் மணலும் சேர்ந்து கிடந்த இடத்தில் ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டே முன் பிரேக்கைப் பிடித்தேன். புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் விழுவார்களாம். வேகமே இல்லை, நடக்கிற வேகம்தான். வலது பக்கமாகப் படுத்துவிட்டது.

டிரைவர் போன பிறகு வண்டியைக் கிளப்பப் பார்த்தேன். செல்ஃபை அழுத்தினால் குர்ர் குர்ர் என்று சுற்றியது, பிடிக்கவில்லை. பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கியர் நியூட்ரலில் இருந்தது. ஹேண்டிலில் இன்ஜினை அணைக்கிற சிவப்பு ஸ்விட்ச் சரியாக இருந்தது. ஸ்டாண்டை ஏற்றிவிட்டிருந்தேன். பெட்ரோல் அன்று காலையில்தான் போட்டது. வலதுபக்கப் பிரேக் பெடல் மட்டும் உள்பக்கமாக வளைந்திருந்தது. பெடல் வளைந்தால் இன்ஜின் ஏன் நிற்க வேண்டும்? புரியவில்லை. பக்கத்தில் டிரெய்லர்கள் ஹாரன் அடித்தபடி ஊர்ந்துகொண்டிருந்தன. சாவியை அணைக்கக்கூடத் தோன்றாமல் விம்கோ நகரில் எங்கள் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன். மீட்டர் விளக்கு வழியெல்லாம் எரிந்துகொண்டே வந்தது.

வீட்டில் அம்மாவும் அண்ணனும் இருந்தார்கள். அண்ணனுக்கு ராயபுரத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. அவனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். என் கல்யாணம் ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு நான் திரும்பி வந்தபோது, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்தவன் அவன். அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன்மேல் எனக்கு நன்றி இருக்கிறது. அந்த நன்றி இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு கசந்திருக்காது.

"இன்னா பாப்பா இது, வுழுந்துக்கினு வந்துக்கீற?" என்று பதறிக்கொண்டு வந்தான். அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துவந்து சுற்றிப்போட்டாள். எனக்கு இல்லை, வண்டிக்கு. அண்ணன் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இரு மருந்து வாங்கியாறேன் என்று தெருமுனைக் கடைக்குப் போனான். வர நேரமானது. வந்து, காயத்தைக் கழுவி, ஊதி ஊதி மருந்து போட்டுவிட்டான். எரிந்தது. "வலிக்குதா?" என்று கேட்டபோது அவன் கண் கலங்கியிருந்தது. அதை நான் இப்போதும் பொய் என்று சொல்லமாட்டேன்.

"திங்கக்கெழம வண்டி ஓடணும்ணா. எட்டு மணிக்கு நான் அங்க நிக்கணும்."

"ஓடும் ஓடும், நான் எதுக்கு கீறேன்? நாளைக்கி பாக்கறேன்."

"மெக்கானிக்கக் கூப்டலாமா?"

"ஞாயித்துக்கெழம எந்த மெக்கானிக் வருவான்? நான் பாக்காத வண்டியா? நீ போய் படு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிட்ட கையோடு ஆரம்பித்தார்கள். அண்ணனும் அவன் கூட வேலை பார்க்கிற தோஸ்தும். எங்கள் பக்கத்தில் பழைய கியர் ஸ்கூட்டர் ஓட்டிய ஆண்கள் எல்லோரிடமும் ஒரு வைத்தியம் உண்டு. ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்றால் அதைப் பக்கவாட்டில் நன்றாகச் சாய்த்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, நிமிர்த்தி உதைப்பார்கள். பெட்ரோல் இறங்கிவிடும், வண்டி பிடித்துவிடும். கல்யாண மண்டப வாசலிலும், பள்ளிக்கூட வாசலிலும், மீன் மார்க்கெட்டிலும் ஸ்கூட்டரைச் சாய்த்துக்கொண்டு நிற்கிற ஆண்களைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். அண்ணன் இருபது வருஷம் அப்படி ஒரு ஸ்கூட்டரைச் சாய்த்துச் சாய்த்தே ஓட்டினவன்.

அதே வைத்தியத்தை என் பைக்குக்கும் பார்த்தான். முதலில் சாவியைப் போட்டு மீட்டர் எரிகிறதா என்று பார்ப்பான். பிறகு ரெண்டு பேருமாகப் பிடித்து, ஹேண்டில் தரையைத் தொடுகிற அளவுக்கு வண்டியைச் சாய்ப்பார்கள். "இரு மாமு, எறங்கட்டும்" என்பான் தோஸ்து. நிமிர்த்துவார்கள். செல்ஃபை அழுத்துவார்கள். குர்ர். கிக்கரை உதைப்பார்கள். ஒன்றும் இல்லை. பிளக்கைக் கழற்றி கேஸ் அடுப்பில் சுட்டார்கள். மாட்டினார்கள். சாவி, சாய்ப்பு, குர்ர். ஏர் ஃபில்டரைத் தட்டினார்கள். சாவி, சாய்ப்பு, குர்ர். போகிற வருகிற ஆண்கள் எல்லாம் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மோர்க்காரர்கூட ஒருமுறை உதைத்துப் பார்த்தார். தோஸ்து, வளைந்த பிரேக் பெடலில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி நிமிர்த்தினான். நாள் முழுக்க நடந்ததில் உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

நான் நடுவில் போய், "ண்ணா, நான் ஒருவாட்டி பாக்கட்டா?" என்று கேட்டேன்.

"நீ பாத்துதான இந்த கதில கீது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தோஸ்து, "வுடு மாமு, தங்கச்சி மொகம் வாடிப்போச்சு பாரு" என்றான். உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டேன். கோபம்தான். ஆனால் எனக்காக ஒரு மனுஷன் லீவு நாளில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கிரீஸும் வியர்வையுமாக வெயிலில் உட்கார்ந்திருக்கிறானே என்றும் இருந்தது. அவன்மேல் கோபப்படுகிறோமே என்று என்னையே கடிந்துகொண்டேன்.

சாயங்காலத்துக்குள் பேட்டரி இளைத்துவிட்டது. செல்ஃபை அழுத்தினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. "உள்ள பம்ப்பு பூட்ச்சி பாப்பா" என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னான். "இது கம்பெனிக்கி போற கேஸு. நாளைக்கி எல்லாம் ஆவாது." கொஞ்ச நேரம் கழித்து, கையைத் துடைத்துக்கொண்டே, "ஃபேன் காத்துல குந்திக்கினு பாக்கற வேலய வுட்டுட்டு இன்னாத்துக்கு உனுக்கு இந்த பேஜாரு?" என்றான்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாததுமாக எழுந்து வாசலுக்குப் போனேன். தெருவில் தண்ணீர் குடம் வைக்கிற பெண்கள் மட்டும்தான் இருந்தார்கள். சிரிக்க ஆள் இல்லை. நிதானமாக யோசித்தேன். ஓடிக்கொண்டிருந்த வண்டி எப்போது நின்றது? விழுந்தபோது. நேற்று இவர்கள் என்ன செய்தார்கள்? சாவியைப் போட்டுவிட்டுச் சாய்த்தார்கள். அதாவது மறுபடி மறுபடி படுக்க வைத்தார்கள். சாய்க்காமல் ஒருதரமாவது யாராவது கிளப்பிப் பார்த்தார்களா? நினைவில் இல்லை. நான் தனியாக வண்டியைத் தரை வரைக்கும் சாய்க்கவும் முடியாது, எனக்கு அந்தத் தெம்பு கிடையாது. சாவியைப் போட்டேன். டேங்குக்கு அடியில் கொசு கத்துகிற மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம் வந்து நின்றது. வாங்கின நாளிலிருந்து சாவி போடும்போதெல்லாம் கேட்ட சத்தம்தான் அது. விழுந்த பிறகு அதைக் கேட்கவே இல்லை, நேற்றைய கூச்சலில் கேட்டிருக்கவும் முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

கிக்கரை உதைத்தேன். இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது.

ஆனால் காரணம் தெரியாமல் இதை நம்பி மணலி வரைக்கும் போக முடியாது. ஓடிக்கொண்டிருந்த வண்டியை மதில் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தேன். ஹேண்டில் மதிலில் முட்டி நின்றது. இன்ஜின் தானாக அணைந்தது. பாரத்தில் தோள் இற்றுப்போக, முக்கி முனகி நிமிர்த்தி உதைத்தேன். வரவில்லை. சாவியை அணைத்து மறுபடி போட்டேன். கொசுச் சத்தம் வந்தது. உதைத்தேன், பிடித்தது. அவ்வளவுதான் விஷயம். அந்தக் கொசுச் சத்தம் பெட்ரோல் பம்ப் ஓடுகிற சத்தம். விழுந்தால் தீப்பிடிக்கக் கூடாதென்று பெட்ரோலை நிறுத்திக்கொள்கிற வண்டி. சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான், நாம் எழுந்துவிட்டோம் என்று அதற்குத் தெரியும். சனிக்கிழமை சாலையோரத்திலேயே சாவியை அணைத்துப் போட்டிருந்தால் ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு ஆண்பிள்ளைகள் வண்டியைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளிவிட்டு, ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்று ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள்.

சத்தம் கேட்டு அண்ணன் லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் அது இல்லை.

"இன்னா பண்ண?"

"சாய்க்காம ஸ்டார்ட் பண்ணேன்."

"நேத்து சாய்ச்சதுல அடைப்பு எறங்கிருக்கும். அதான் இப்போ புட்சிக்கிச்சு" என்றான். "இன்னிக்கி எட்த்துக்கினு போவாத. நான் ஒருவாட்டி ஓட்டி பாத்து சொல்றேன்."

"எட்டு மணிக்கு நான் அங்க நிக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் குளித்தேன்.

அன்று காலை ஓட்டின மாதிரி நான் அதற்கப்புறம் ஓட்டியதே இல்லை. காயம் பட்ட கை விண்விண்ணென்று வலித்தது, ஆனாலும் சிரித்துக்கொண்டே போனேன். விழுந்த இடத்தில் அன்றைக்கும் மணல் கிடந்தது. ஹேண்டிலை நேராகப் பிடித்து மெதுவாகத் தாண்டினேன். எட்டு மணிக்கு முன்னாலேயே யார்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி மேனேஜர் அறைக்குப் போனேன்.

அவர் என்னையும் ஹெல்மெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, வண்டில வந்தீங்களா?" என்றார்.

"ஆமா சார். நீங்கதானே சொன்னீங்க."

"உங்க வீட்லேர்ந்து போன் வந்துச்சேம்மா. அண்ணன்தான் பேசினார். தங்கச்சி கீழ விழுந்துட்டா, ரொம்ப பயந்துட்டா, சொல்லத் தயங்கறா, அவளுக்கு உள்வேலையே போதும்னு சொன்னார். சரி, வீட்ல பிரியமில்லாதப்ப எதுக்கு வம்புன்னு அந்தத் தம்பிக்குக் குடுத்துட்டேன். அவன் காலைலயே மணலிக்குப் போயிட்டானே."

அந்தத் தம்பி எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன். நசுங்கலையும் ஓட்டையையும் எப்படிக் குறிப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார்?"

"கூடப்பொறந்த அண்ணனே சொல்றாரேம்மா" என்றார். அதில் என்ன தப்பு என்று அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

அண்ணனிடம் அந்த நம்பரைக் கொடுத்தது நான். ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கொடுத்தது. எப்போது போன் வந்தது என்று மேனேஜரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, வண்டி தேறாது என்று ஆன பிறகு பேசியிருப்பான், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பேசியிருப்பான் என்று மனசு அதற்குள் அவனுக்காக வாதாட ஆரம்பித்திருந்தது. மேனேஜர் போனை எடுத்துத் தள்ளிப் பார்த்தார். "சனிக்கிழமை சாயந்திரம்" என்றார்.

மருந்து வாங்கப் போன நேரம். ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்னால், வண்டிக்கு என்ன என்று பார்ப்பதற்கு முன்னாலேயே என் வேலையை முடித்துவிட்டுத்தான் காயத்துக்கு மருந்து போட வந்திருக்கிறான். அன்று முழுக்க மேஜையில் உட்கார்ந்து, மணலியிலிருந்து அந்தத் தம்பி அனுப்பியதை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அழவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேராகக் கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"ஆமா, சொன்னேன். அந்த ரோட்ல எத்தினி பேர் லாரிக்கி அடில போய்க்கீறாங்கோ தெரியுமா? உனுக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் இன்னா பண்றது? அம்மாக்கு யார் பதில் சொல்றது?"

"பயந்தது நீ. நான் பயந்துட்டேன்னு சொல்லிக்கீற."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்போ நேத்து நாள் பூரா இன்னாத்துக்கு அந்த வண்டிய நோண்டிக்கினு இருந்த? நான் போவக்கூடாதுன்னு சொல்லியாச்சு. அப்பறம் அது ஓடினா இன்னா, ஓடாட்டி இன்னா?"

அண்ணன் என்னை விவரம் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "ஓடற வண்டின்னாதான எவனாச்சும் வாங்குவான்? செத்த வண்டிய யார் கேப்பா?" என்றான். அப்புறம், எனக்கு ஒரு நல்ல சேதி சொல்வதுபோலக் குரலைத் தணித்துக்கொண்டு, "தோஸ்துதான் எட்த்துக்கறேன்னு சொல்லிக்கீறான். வெளியாளு இல்ல" என்றான்.

அம்மா சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டியை நான் விற்க விடவில்லை. சாவி என் பையில்தான் இருக்கும். தினமும் அந்த பைக்கில்தான் ஃபேன் காற்று மேஜை வேலைக்குப் போய் வருகிறேன். போன மாதம் கூரையில் ஓட்டை இருந்த ஒரு பெட்டியை நல்ல பெட்டி என்று அந்தத் தம்பி எழுதி அனுப்பியிருந்தான். அவன் அனுப்பிய படத்திலேயே ஓட்டை தெரிந்தது. திருத்தி, அவன் பெயரிலேயே ஏற்றினேன். இரண்டு மூன்று தடவை மேனேஜரிடம் மறுபடி கேட்டுப் பார்த்தேன். அடுத்த தடவை பாக்கலாம்மா என்கிறார். அவன் சின்ன வயசுக்காரன், ஓய்வு பெற இன்னும் முப்பது வருஷம் இருக்கிறது.

அண்ணனோடு பேசாமல் எல்லாம் இல்லை. சாப்டியா என்று கேட்கிறேன், அவன் சட்டையையும் சேர்த்துத்தான் துவைக்கிறேன். மன்னிக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது அவன் தெருவில் நின்று, "எந் தங்கச்சி லாரிக்கி நடுவுலயே பூந்து பூந்து போவா, பயம்னா இன்னான்னே அவளுக்குத் தெரியாது" என்று பெருமை பேசுகிறான். என் காதாலேயே கேட்டேன்.

போன வாரம் நல்ல மழை. நான் வண்டியை வெளியே எடுக்கும்போது அண்ணன் பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். ஆட்டோ ஒன்றும் வரவில்லையாம். "மெட்ரோ வரைக்கும் வுட்டுட்டு போ பாப்பா" என்றான். பின்சீட்டில் கையையும் வைத்துவிட்டான்.

"எனுக்கு பயமா கீதுண்ணா" என்று சொல்லிவிட்டு, அவன் ஏறுவதற்கு முன்பே கியரைப் போட்டுக் கிளம்பினேன்.